28 லிட்டர் காற்று

பொதட்டூர்பேட்டையில் நூலுக்கும் பஞ்சமில்லை, சத்தத்துக்கும் பஞ்சமில்லை. திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம். திருத்தணி முருகன் மலைக்குப் பக்கத்து ஊர். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. தறிக்காரர்கள் தெருவில் காலையில் நடந்தால் ஒரு வீட்டு விசைத்தறிச் சத்தம் முடிவதற்குள் அடுத்த வீட்டுச் சத்தம் ஆரம்பித்துவிடும். சடக் சடக் சடக்... அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையனுக்கு "சத்தம் பத்தல" என்று தோன்றியது. அதுதான் இந்தக் கதை.

பையன் கல்லூரியில் படிக்கிறான். அப்பா தறி ஓட்டுகிறார். தாய்மாமனிடம் ஒரு பழைய டாடா இண்டிகா இருக்கிறது. (2018-லேயே அந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. மாமாவின் வண்டி மட்டும் நிற்கவில்லை.) திருப்பதி, திருத்தணி, காஞ்சிபுரம் என்று வாடகைக்கு ஓட்டுவார். அந்த இண்டிகாவின் டிக்கியில் ஒரு சப்வூஃபர் பெட்டி வைக்க வேண்டும் என்பது பையனின் நெடுநாள் ஆசை. கடையில் ரெடிமேடாக வாங்கத் துட்டு இல்லை. அதனால் சொந்தமாகவே செய்துவிடுவது என்று முடிவு.

மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "சவாரி இருக்கிற அன்னிக்கு டிக்கி காலியா இருக்கணும்டா. அவங்க பெட்டிய எங்க வெப்பாங்க, என் மடியிலயா?"

திருத்தணியில் ரயில் ஏறி சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் அரை நாள் சுற்றி, ஒரு 12 அங்குல வூஃபரும் 200 வாட்ஸ் ஆம்ப்பும் வாங்கிவந்தான். அங்கே ஒரு விஷயத்தில் அவன் ஏமாறவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். 2000 வாட்ஸ், 3000 வாட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். ஒரு நொடியில் மிகச் சிறிய பங்குக்கு, உச்சத்தில், தாறுமாறாகக் கணக்குப் போட்டு வரும் எண் அது. அதற்கு ஒரு பொது இலக்கணமும் கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்னும் சுலபமான வழி, ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸைப் பார்ப்பது. கார் ஓடும்போது சுமார் 13.5 வோல்ட். 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட சாதனம் தொடர்ந்து இழுக்கக்கூடியது 135 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் வெளியே 2000 எங்கிருந்து வரும்? முருகனே இறங்கி வந்தாலும் வராது.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ஸ்பீக்கரைப் பெட்டியில் வைக்காமல் மேசைமேல் வைத்துப் பாட விட்டால் பேஸ் வரவே வராது. கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கம் காற்று அழுந்துகிறது, அதே நேரத்தில் பின்பக்கம் காற்று தளர்கிறது. இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று கொன்றுவிடும். பின்பக்கக் காற்றை அடைத்து வைக்கத்தான் பெட்டி. ஆனால் அடைத்த காற்று சும்மா இருக்காது, ஸ்பிரிங் மாதிரி கூம்பைத் திருப்பித் தள்ளும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் என்பவர் இந்த ஸ்பிரிங்கை ஒரு தொல்லையாக நினைக்காமல் அதையே பயன்படுத்திக்கொண்டார். கூம்பைத் தளர்வாகக் கட்டி, பெட்டிக்குள் இருக்கும் காற்றையே அதற்கு ஸ்பிரிங் ஆக்கினார். அதுவரை அலமாரி அளவில் இருந்த பேஸ் பெட்டி புத்தக ஷெல்ஃபுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்படியென்றால் பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதுதான் முக்கியம். பெட்டி வெறும் மேல்சட்டை இல்லை. கடம் வாசிப்பவர் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் ஒரே பானையில் சத்தத்தை மாற்றுகிறாரே, அந்தப் பானைக்குள் இருக்கும் காற்று எப்படி வாத்தியத்தின் பாதியோ அப்படித்தான் இதுவும்.

எவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். நெவில் தீல் 1961-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு கட்டுரை எழுதினார். பத்து வருடம் உலகம் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதினார். இன்றைக்கு எந்த நல்ல வூஃபரை வாங்கினாலும் கூட வரும் காகிதத்தில் இவர்கள் இருவர் பெயரிலும் ஒரு பட்டியல் இருக்கும். மூடிய பெட்டிக்கு அதில் மூன்று எண் போதும். பையன் வாங்கிய வூஃபருக்கு எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 60 லிட்டர்.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். பெட்டியில் போட்ட பிறகு மொத்த க்யூ 0.707 வந்தால் சத்தம் சமமாக இருக்கும் என்பது பொதுவான இலக்கு. 0.707-ஐ 0.4-ஆல் வகுத்தால் 1.77. அதை வர்க்கப்படுத்தினால் 3.12. ஒன்றைக் கழித்தால் 2.12. 60 லிட்டரை இதால் வகுத்தால் 28 லிட்டர் சொச்சம். சரியாக ஒரு கன அடி! வூஃபரின் காந்தமும் சட்டமும் உள்ளே அடைக்கும் இடத்துக்கும், உள்ளே வைக்கும் முட்டுக்கட்டைக்கும் சேர்த்து 3 லிட்டர் கூட்டி 31 லிட்டர் என்று வைத்துக்கொண்டான். 40 செ.மீ., 32 செ.மீ., 24.2 செ.மீ. பெருக்கினால் 31 வருகிறது.

18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை வாங்கி, மூன்று நாள் அறுத்து, ஃபெவிகால் போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, பெட்டி தயார். அந்த மூன்று நாளில் வீட்டில் நடந்த ஒரு உரையாடலை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"அப்பா, டேப்பு எங்கப்பா?"

"ஆப்பா? அது எதுக்குடா உனக்கு?"

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நண்பர்களிடம் சொல்லி அவர்களும் சிரித்தார்கள். அப்பாவுக்கு எப்போதும் இப்படித்தான், பாதி காதில் வாங்குவார், டிவியை அலற விடுவார், கூப்பிட்டால் கவனிக்க மாட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

பெட்டியை டிக்கியில் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். தும் தும் என்று கண்ணாடி அதிர்ந்தது. நண்பர்கள் "சூப்பர் மச்சி" என்றார்கள். பையனுக்கு மட்டும் இரண்டாவது பாட்டிலேயே ஏதோ இடித்தது. மூன்றாவது பாட்டில் நிச்சயமாகிவிட்டது. எல்லாப் பாட்டிலும் ஒரே "தும்". பேஸ் கிட்டார் மேலே போனாலும் கீழே போனாலும் பெட்டி ஒரே சுருதியில்தான் முழங்குகிறது. மொபைலில் ஒவ்வொரு அதிர்வெண்ணாகப் போட்டுப் பார்த்தான். 60 பக்கம் வீங்குகிறது, 40-ல் ஆளையே காணோம்.

ஒரு வாரம் ஆம்ப்பைத் திட்டினான், பிறகு வூஃபரைத் திட்டினான். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் ஆசாரியிடம் போனான். குழித்தறிக் காலத்திலிருந்து தறிச் சாமான் செய்தவர். கரண்ட் ஸ்பீக்கரெல்லாம் அவருக்குத் தெரியாது. பையன் காட்டிய சீட்டை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இது உள்ளளவா, வெளியளவா?"

அவ்வளவுதான். பையன் 40, 32, 24.2 என்று பெட்டியின் வெளிப்பக்கத்தை அளந்து அறுத்திருந்தான். 18 மி.மீ. பலகை இரண்டு பக்கமும் சேர்ந்து ஒவ்வொரு அளவிலும் 3.6 செ.மீ.யைத் தின்றுவிட்டது. உள்ளே இருந்தது 36.4, 28.4, 20.6. பெருக்கிப் பாருங்கள், 21 லிட்டர் சொச்சம்தான் வரும். 31 இருக்க வேண்டிய இடத்தில் 21. பலகை கொஞ்சம் தடிமன், அதனால் மூன்றில் ஒரு பங்கு காற்று காணாமல் போய்விட்டது. வூஃபர் அடைக்கும் இடம் போக மிஞ்சிய 18 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் க்யூ 0.83, அதிர்வு 62 ஹெர்ட்ஸ். காதுக்குக் கேட்டதும் அதேதான். தீலும் ஸ்மாலும் எழுதியது சரியாக இருந்தது, டேப் பிடித்த கைதான் தப்பு.

இரண்டாவது பெட்டியை ஆசாரி கூட இருந்து செய்தார். கூலி கேட்கவில்லை, டீயும் வடையும்தான். வெளியளவு 43.6, 35.6, 27.8. மூலைகளுக்கு உள்ளே கட்டை வைத்தார். நடுவில் ஒரு முட்டு கொடுத்தார், பக்கப் பலகை அதிராமல் இருக்க. (பலகை தானாக அதிர்ந்தால் அது இன்னொரு ஸ்பீக்கர், அதுவும் மோசமான ஸ்பீக்கர்.) இடுக்குகளுக்கு மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்துப் பூசினார். தறிப்பட்டறையில் இறைந்து கிடக்கும் பருத்திக் கழிவைப் பெட்டிக்குள் திணிக்கலாமா என்று பையன் கேட்டான். பருத்தி ஈரம் இழுத்துக் கட்டிப்போகும், தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு நல்லது. அளவோடு தளர்வாகத் திணித்தால் பெட்டி கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். வூஃபரை மாட்டி 30 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓட விட்டு, பத்தியை ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் கொண்டுபோனால் கசிகிற இடத்தில் புகை நடுங்கும். ஒயர் நுழைகிற ஓட்டையில்தான் நடுங்கியது. எம்-சீல் வைத்து அடைத்தார்கள்.

இனி சொல்லப்போவதைப் பெட்டி செய்கிறவர்கள் யாரும் தாண்டிப் போக வேண்டாம். பையன் முதல் தடவை பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு இழுத்தது வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. ஒயர். பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் கிடையாது. "ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே!" என்பது அவன் வாதம். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை சீட்டுக்கடியில் ஓடும் நாலைந்து மீட்டர் ஒயரை யார் காப்பாற்றுவது? எங்காவது ஒரு தகர விளிம்பில் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த பேட்டரி ஒரு நொடியில் கொட்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் வண்டியைக் கொளுத்தும். அந்த வண்டியில்தான் மாமா குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பதி போகிறார். 200 வாட்ஸ் ஆம்ப் முழுசாகப் பாடும்போது 25, 30 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 10 சதுர மி.மீ. தாமிர ஒயர், பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம். பெட்டிக்குச் செலவழித்ததைவிட இதற்கு அதிகமாகச் செலவானாலும் பரவாயில்லை. இந்த முறை மாமாவே பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். பெட்டிக்குப் போகும் ஒயரில் பிளக் வைத்ததால் சவாரி அன்று ஒரு நிமிடத்தில் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிடலாம்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போட்டார்கள். பேஸ் கிட்டார் ஏறியது, இறங்கியது, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரிந்தது.

கணக்கின்படி இந்தப் பெட்டி 53 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க ஆரம்பித்து, ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் குறைய வேண்டும். காருக்குள் அப்படிக் குறைந்த மாதிரியே தெரியவில்லை. காரணம் காரேதான். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், இரண்டு இண்டிகா நீளத்துக்கு மேல். அலை உள்ளே அடங்காது. அதனால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூடிய காரின் மொத்தக் காற்றும் ஒரே மூட்டையாக அழுந்தித் தளர்கிறது. இது ஏறக்குறைய அதே 12 டெசிபல் வீதத்தில் பேஸைத் தூக்கிவிடும். பெட்டி இறங்குகிறது, கார் ஏற்றுகிறது. கண்ணாடியை இறக்கினால் இந்தச் சலுகை போச்சு. கண்ணாடியை இறக்கிவிட்டு பேஸ் போட்டுக்கொண்டு தெருவில் போகிற மச்சான்கள் நல்ல பாதியை இழந்துவிட்டு, கெட்ட பாதியை ஊருக்குத் தருகிறார்கள்.

ஊருக்குத் தருவதும் சாமானியமாக இல்லை. தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டும், கதவைத் தாண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. ஆனால் அந்த டெசிபல் 'ஏ' அளவுகோலில் எடுப்பது. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். மீட்டர் சும்மா இருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும். இரண்டாம் நாள் இரவு அப்படி ஒரு குழந்தை அழுதது. குழந்தையின் பாட்டி வந்து "ஏம்ப்பா, தறியே நின்னு போச்சு, உன் வண்டி நிக்கலியா?" என்றார். அதற்குப் பிறகு ஏரிக்கரைப் பக்கம் போய்த்தான் பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியில் வந்து உட்கார்ந்தார். பையன் ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவைப் போட்டான். தவிலின் இடது பக்கம், குச்சியால் அடிக்கும் தொப்பி, பெட்டியிலிருந்து எழுந்து வந்தது. அப்பா சீட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தொப்பி நல்லா கேக்குதுடா. கல்யாணத்துல பக்கத்துல ஒக்காந்த மாதிரி." பிறகு, "வலந்தலைதான் சரியா விழல. உன் செட்டுல ஏதோ குறையிது பாரு."

வலந்தலை கணீரென்றுதான் விழுந்துகொண்டிருந்தது. விரல் கூடுகளின் ஒவ்வொரு அடியும்.

பையன் பாட்டை நிறுத்தினான். மொபைலில் பெட்டியைச் சோதித்த அதே ஒலிகள் இருந்தன. 8000 ஹெர்ட்ஸ் போட்டான். அவன் காதே கூசியது. அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டியா?"

"போட்டாச்சுப்பா."

6000. 4000. அப்பா காத்துக்கொண்டிருந்தார். 3000-ல் தலையைச் சாய்த்தார். 2000-ல் "இப்ப வருது" என்றார்.

(மொபைல் சோதனை மருத்துவச் சோதனை ஆகாது. ஸ்பீக்கர், வெளிச்சத்தம், எல்லாம் சேர்ந்து குழப்பும். ஆனால் ஒரு சந்தேகத்தைக் கிளப்ப அது போதும்.)

விசைத்தறியில் நாடா ஒவ்வொரு தடவையும் அடிபட்டுத்தான் மறுபக்கம் ஓடுகிறது. தறிக்கொட்டகைச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு வைத்திருக்கும் எல்லையே 90. வீட்டுத் தறிக்கு அந்த விதியைக் கொண்டுவந்து யார் அளக்கிறார்கள்? இரைச்சலால் காது கெடும்போது முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். தாழ்ந்த ஒலிகள் கடைசி வரை நிற்கும். பேச்சில் உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் கீழே இருக்கிறது. ச, ட, த போன்றவற்றின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. 'டேப்பு' என்றால் முதல் எழுத்தின் மெய் உதிர்ந்துபோய்க் காதில் விழுவது 'ஆப்பு' மாதிரி ஏதோ ஒன்று.

அடுத்த வாரம் மாமாவின் வண்டியிலேயே காது டாக்டரிடம் போனார்கள். அடைத்த அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, வரைபடம் எடுத்தார்கள். கோடு நேராக வந்து 4000-ல் பள்ளத்தில் விழுந்தது, இரண்டு காதிலும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். தறிக்காரர்கள் காதில் வைத்துக்கொள்ளும் வெறும் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது, உருட்டி நுழைத்தால் உள்ளே விரியும் ஃபோம் அடைப்பான்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

பையன் ஒரு டப்பா நிறைய வாங்கிவந்தான். அப்பா இரண்டு நாள் மாட்டிக்கொண்டு ஓட்டிவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். தறியில் ஏதாவது தப்பாகப் போனால் சத்தத்தில்தான் முதலில் தெரியும், இதை மாட்டினால் தறி என்ன சொல்கிறது என்றே கேட்கவில்லை என்றார். பையன் அதற்கு ஒரு பதிலும் வைத்திருக்கவில்லை. தினமும் காலையில் டப்பாவைத் தறிமேல் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறான். இப்போதைக்கு அப்பா ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறார்.